முட்டை ஓட்டுத் தூள்

ஓலு நகர மருத்துவமனையின் இரண்டாம் அடித்தளம்.
ஜன்னல் கிடையாது. பிப்ரவரியில்
அதனால் பெரிய நஷ்டமும் இல்லை.

உணவறையில் மெர்வி உரிக்கும் முட்டைகளின் ஓட்டை
நான் கேட்டு வாங்கிக்கொள்வேன்.
கழுவி, சவ்வு நீக்கி, இடித்துச் சலித்தால்
கால் மில்லிமீட்டர் சுண்ணாம்புத் துகள்.
மெழுகில் வார்த்த மார்புக்குள்
பதுக்கி வைத்துவிட்டு
நானே தேடுவேன்.
பதுக்கியவளுக்கே அகப்படாத நாட்கள் உண்டு.

அடர்ந்த திசு வெள்ளையாக விழும்.
கட்டியும் வெள்ளை.
கிறிஸ்துமஸ் பால்கஞ்சியில்
ஒரே ஒரு பாதாம் பருப்பை ஒளித்துவைப்போம்;
யார் கரண்டியில் வருகிறதோ
அவருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம்.
எங்கள் தொழிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்,
அதிர்ஷ்டம் என்ற சொல்லை மட்டும்
கட்டுரைகளில் எழுதுவதில்லை.

கதிரைக் கூட்டினால் படம் தெளியும்,
உடம்பு கணக்கில் எழுதிக்கொள்ளும்.
குறைத்தால் இரைச்சல்.
ஒலியே இல்லாத படத்தில் இரைச்சல் என்கிறோம்;
வேறு சொல் வாய்க்கவில்லை.
அதை அடக்கும் சமன்பாட்டுக்கு
ஆறு வருடம் போயிற்று.
கொஞ்சம் மிகையாய் அடக்கினால்
துகளையும் சேர்த்துத் துடைத்துவிடும்,
அவசரக்காரி மேசை துடைப்பதுபோல.

நேற்று அதைப் பழைய படங்களில் ஓடவிட்டேன்.
பெயர் நீக்கிய படங்கள்.
4417. வயது ஐம்பத்திரண்டு. இடது.
அன்றைய அறிக்கை: குறிப்பிடும்படி ஏதுமில்லை.
திரையில் ஐந்து புள்ளிகள்,
பால்நாளத்தை ஒட்டி எறும்பு வரிசை.

முதலில் மகிழ்ந்தேன்.
இதை எழுதித்தான் ஆகவேண்டும்:
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து
கை தட்டினேன், தனியாக.

பிறகுதான் அடுத்த நிரல்.
கண்டறிந்தது: மூன்று வருடம் கழித்து.
அதற்கடுத்த நிரலில் வெறும் ஒரு தேதி.

அறிக்கை எழுதிய டாக்டர் ஹுர்ஸ்கைனன்
ஓய்வுபெற்றுவிட்டார். உறைந்த கடலில் துளையிட்டு
மீனுக்குக் காத்திருக்கிறாராம்.
பழைய படத்தைப் பழையபடியே வைத்து
நானும் கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லைதான். அவர்மேல் பிழையில்லை.
இதில் யாருக்கும் ஆறுதலும் இல்லை.

அட்டவணையில் 4417க்கு ஒரு கட்டம்.
‘1’ என்று இட்டேன்.
ஒன்று என்றால் கண்டது.
கட்டத்தில் அதற்குமேல் இடமில்லை.

மாலை லிஃப்டில் ஒருத்தி,
கம்பளித் தொப்பியில் பனி கரைந்துகொண்டிருக்க,
மார்புப் படம் எந்த மாடி என்றாள்.
பொத்தானை அழுத்தினேன்.
வலிக்குமா என்றாள்.

நூறு நியூட்டன். பத்துக் கிலோ உருளைக்கிழங்கு மூட்டை.
பத்து நொடி.
எனக்குத் தெரிந்தது அது.
“கொஞ்சம்” என்றேன்.

கதவு திறந்தது. போகும்போது
அவள் கையுறை ஒன்று நழுவி விழுந்தது.
கூப்பிட்டுக் கொடுத்தேன்.
உள்ளங்கைச் சூடு இன்னும் அதில் இருந்தது.

நாளைக்கு மெர்வியிடம்
முட்டைக்குச் சொல்லி வைக்கவேண்டும்.
சல்லடையும் மாற்றவேண்டும்,
இதைவிடச் சன்னமாக.