பதினொன்று

டாக்டர் காமத் கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள்.
புருவங்களுக்கு நடுவே செங்குத்தாய் இரண்டு கோடு.
"இதைப் பதினொன்று என்போம்."
ஐம்பத்திரண்டில் பதினொன்று.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இந்திராநகர், சி.எம்.ஹெச். சாலை, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ போகும்போதெல்லாம்
சீரம் குப்பிகள் லேசாய் நடுங்கின.
ஏன் வந்தேன் என்று முழுதாகச் சொல்லவில்லை.
வீடியோ மீட்டிங்கில் முப்பத்தொரு வயது மேலாளன்
"ஜெசிந்தா, ஏதாவது பிரச்சினையா?" என்பான்,
வாரத்துக்கு இரண்டு தடவை.
நான் எக்செல்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.
என் முகம் மட்டும் யாரோடோ சண்டையில் இருக்கும்.
கன்சீலர் பூசினால்
காபி நேரத்துக்குள் கோட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.
மறைக்கப் போனது
அடிக்கோடு போட்டுவிட்டு வரும்.

நெற்றியையும் சேர்த்தே செய்துவிடலாம் என்றாள்.
ஒன்பது ஊசி. முப்பது யூனிட். பத்தாயிரத்துச் சொச்சம்.
நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது,
ஹெல்மெட் கூடாது.
ஸ்கூட்டரை அங்கேயே விட்டு
காக்ஸ் டவுனுக்கு ஆட்டோவில் வந்தேன்,
தளும்பும் பாத்திரம்போல முகத்தை ஏந்திக்கொண்டு.

பத்தாம் நாள் நெற்றி, இஸ்திரி போட்ட தலையணை உறை.
பொய் சொல்ல மாட்டேன், பிடித்திருந்தது.
மேலாளன் கேட்பதை நிறுத்தினான்.
லிஃப்ட் கண்ணாடியில் எனக்கு நானே குட்மார்னிங் சொன்னேன்.

ரோசலினுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.
எங்கள் வீட்டில் பேச்செல்லாம் கையில்.
கையில் மட்டும் என்று நானும் நினைத்திருந்தேன்.

அன்று ராத்திரி: சாப்பிட்டாயா?
"சாப்பிட்டேன் என்று உனக்கு யார் சொன்னது?"
மறுநாள்: நாளைக்கு லீவா?
"இல்லையே."
ஒரு வாரம் கழித்து பால்கனியில்:
அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா?
சட்டென்று எழுந்தாள்.
"நீயே முடிவு பண்ணிவிட்டாயா?"
அறைக் கதவு சாத்திய சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.

தமிழில் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிற அந்த ஆ
அவள் மொழியில் புருவத்தில் இருக்கிறது.
பத்தாயிரம் கொடுத்து
என் ஆ-வைத் தூங்கப்பண்ணியிருந்தேன்.
சாப்பிட்டாய். லீவு. பிடித்திருக்கிறது.
மூன்று மாதம் பெற்ற மகளிடம்
தீர்ப்பாகவே பேசியிருக்கிறேன்.

இன்னொன்றை அவள் சொல்லவில்லை. நானே பார்த்தேன்.
கைமொழியில் ஆளுக்கொரு பெயர் உண்டு.
எனக்கு அவள் வைத்தது நாலு வயதில்:
புருவ நடுவே இரண்டு விரலால்
மேலிருந்து கீழாய் ஓர் இழுப்பு.
முப்பத்து நாலிலேயே இருந்திருக்கிறது அது,
கண்ணாடிக்குத் தெரியும் முன்னே இவளுக்குத் தெரிந்து.
போனில் தோழிக்கு என்னைக் காட்டும்போது
விரல் நெற்றி வரை போய்
என் மொழுமொழுப்பைப் பார்த்து ஒரு நொடி நின்றது.
பிறகு அதே பெயரைத்தான் போட்டாள்.

கிளினிக்கிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது,
அடுத்த அமர்வுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி.
பதில் போடவில்லை. அழிக்கவும் இல்லை.
ராத்திரி பட்டாணி அளவு ரெட்டினால்,
பகலில் இரண்டு விரல் சன்ஸ்கிரீன்,
இவற்றை விடுவதாக இல்லை.
கண்ணோரத்துக்கு மட்டும் கொஞ்சமாய்ப் போடலாமா
என்றுகூட ஒரு யோசனை ஓடுகிறது.

இன்று சர்ச்சுக்குக் கிளம்ப ஃபவுண்டேஷன் தட்டினேன்.
நடுவில் ஒரு கோடு, இடது பக்கத்தது மட்டும்,
துளி நிறத்தை வாங்கி வைத்துக்கொண்டது.
பின்னால் ரோசலின்.
கண்ணாடி வழியாகவே கையசைத்தேன்:
பச்சைப் புடவை நன்றாயிருக்குமா?

கையைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள்.
"கேட்கிறாய்" என்றாள்.
தமிழில் எழுதினால் இதற்கு இரண்டு அர்த்தம்.
அவள் விரல்கள் சொன்னது ஒன்றைத்தான்.
பிறகு என்ன தோன்றியதோ,
சிரித்துக்கொண்டே தன் காதையும் தொட்டுக் காட்டினாள்.

பச்சை வேண்டாமாம்.