இரண்டு விரல் சந்து

ஸ்பிரிங் அறுந்தது வெள்ளிக்கிழமை ராத்திரி.
டிரான்ஸ்பார்மர் வெடித்ததென்று
ராக்கியாபாளையம் நாலாவது வீதி முழுக்க
வாசலுக்கு வந்து மேலே பார்த்தது.
கீழே விழுந்திருந்தது
எங்கள் வண்டிக்கொட்டகை ஷட்டர்.
தரைக்கு இரண்டு விரல் விட்டு, கோணலாக,
ஓம்னியை உள்ளே வைத்துக்கொண்டு.

சிக்கந்தர் திங்கட்கிழமை வந்தார்.
ஏணியைக்கூட இறக்கவில்லை.
விரல் கணுவால் தகட்டை நாலு இடத்தில் தட்டிக் கேட்டார்,
தர்பூசணி வாங்குகிறவர்போல.
பனியன் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து
அதன் முதுகில் எழுதினார்.

ஸ்பிரிங் ரெண்டு, இரண்டாயிரத்து நானூறு.
"ஒன்னுதானுங்களே அறுந்துச்சு?"
"மத்ததும் அதே வயசுங்கக்கா."
பெயரிங் எழுநூறு.
மடங்கின பட்டி மூணு, ஆயிரத்து முந்நூத்தி அம்பது.
வெல்டிங் நானூறு.
கூலி ஆயிரத்து ஐநூறு.
கிரீஸ் என்று எழுதி
பக்கத்தில் தொகை போடாமல் விட்டார்.
"அது நம்ம கணக்குங்க."

ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது.
நான் அதைப் பீஸாக மாற்றிப் பார்த்தேன்.
பிசிர் வெட்டி, மடித்து, கவரில் போட
ஒரு பீஸுக்கு ஒன்னேகால் ரூபாய் எனக்கு.
ஐயாயிரத்து எண்பது டீசர்ட்.
ஐயாயிரத்து எண்பது கழுத்து.

"அவசரப்படாத" என்றார் வீட்டுக்காரர்,
சூரத்துக்கு லோடு ஏற்றிப் போன இடத்திலிருந்து.
அது அவர் சொல்லுகிற சொல்லே அல்ல.
போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது,
வண்டித் தவணை மூன்று மாதமாக நிற்கிறது.

புதன்கிழமை வந்துவிட்டார்கள்.
பைனான்ஸ்காரர் பேர் பூவேந்திரன்,
கூட வண்டியை ஓட்டிப்போக ஒரு பையன்.
இஸ்திரி கலையாமல் கைக்குட்டை விரித்து மண்டியிட்டு
சிமெண்டில் கன்னத்தை வைத்துச் சந்துக்குள் பார்த்தார்.
"டயர் தெரியுதுங்க."
"தெரியுமுங்க."
"தொறங்க."
"ரிப்பேருங்க."
"எவ்வளவு சொல்றாங்க?"

அட்டையைக் கொடுத்தேன்.
வரி வரியாகப் படித்தார்.
"ஸ்பிரிங் ஒன்னு போதுமே?"
"மத்ததும் அதே வயசுங்க" என்றேன்.
தண்ணி லாரி நிற்கிற இடம்வரை நடந்தபடி
ஆபீசுக்குப் பேசினார்.
ஆறாயிரம் என்றார். பிறகு ஐந்து.
திரும்பி வருகையில் நாலுக்கு வந்திருந்தார்.
ஆபீஸ் இறங்கவில்லை.
ஒரு வண்டியைத் தூக்க அங்கே ஒதுக்கியிருப்பது
மொத்தமே ஆயிரத்து ஐநூறாம்.
பையன் தண்ணி கேட்டான். கொடுத்தேன்.

கிளம்பினவர் நின்றார்.
"அவினாசில நம்ம வீட்லயும் ஒன்னு இருக்குதுங்.
கர்ருனு இழுக்குது.
அந்தாளு நம்பர் இருக்குங்களா?"
சொன்னேன்.
எனக்குக் கொண்டுவந்த நோட்டீஸின் ஓரத்தில் எழுதி
அந்த ஓரத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்து
மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

முடித்த பீஸெல்லாம் இப்போது
சமையல்கட்டு வழியாக ஆட்டோவுக்குப் போகிறது.
ஒரு நடைக்கு முந்நூறு.
இருபத்தியோரு நடையில் ஷட்டர் காசு போய்விடும்.
திறந்தாலோ
மறுநாளே வண்டி போய்விடும்.
"வரட்டுங்களாக்கா? ஸ்பிரிங் விலை ஏறுதுங்க"
என்று சிக்கந்தர் போன் செய்தார்.
"சொல்றனுங்க" என்றேன்.
எதைச் சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து
ஈரக் கையோடு உள்கதவைத் திறந்து
ஓம்னியில் ஏறி உட்கார்ந்தேன்.
டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை.
சும்மா ஹெட்லைட்டைப் போட்டேன்.
மடங்கின மூன்று பட்டியும் பளீரென்று எதிரே நின்றன.
மிச்ச வெளிச்சம் இரண்டு விரல் சந்தில் நுழைந்து
தெருவுக்குப் போயிருக்க வேண்டும்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது,
"ஏனுங்க, ரிப்பேரு ஆயிருச்சுங்களா?
எவ்வளவுங்க ஆச்சு?"