கடனுக்கு வந்த பீப்பா

தவறணையை மூடிய குணரெத்தினம்
தகப்பனின் பெட்டிக்குத் தரவேண்டிய பாக்கியில்
இரண்டு சாராயப் பீப்பாக்களை
லாண்ட்மாஸ்டரில் ஏற்றி அனுப்பியிருந்தான்.
தாண்டவன்வெளி முழுக்க மணத்தது.
சவப்பெட்டிக் கடை வாசலில் பீப்பா கண்டால்
போகிறவர் வாய் சும்மா இருக்குமா:
'றொசைரோ, இனி ஊற்றிக் குடுத்தா அனுப்புற?'

சாவண்டலை மரம்.
திருகோணமலைக் காட்டில் நிமிர்ந்து நின்றது
தெற்கே போய் முப்பது வருஷம் குடித்து
முதுகு வளைந்து திரும்பியிருக்கிறது.

என் பலகைகள் வளைந்ததில்லை.
ஆறடி, ஐந்தே முக்கால், பிள்ளைகளுக்கு மூன்று.
உள்ளே கிடப்பவன்
ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.

கப்பலில் சமைக்கும் ஒஸ்மண்ட்
குவாதலூப் துறைமுகத்திலிருந்து குரல் அனுப்பினான்.
பின்னால் யாரோ வெறுங்கையால்
அறைந்துகொண்டிருந்தார்கள்.
'மச்சான், இதுவும் பீப்பாதான்.
அடிமைகளுக்கு உப்பிறைச்சி வந்த பீப்பா.
இறைச்சியை அளந்து கொடுத்தவன்
வெறும் பீப்பாவைத் திருப்பிக் கேட்கவில்லையாம்.
அடியை வெட்டு, ஆட்டுத்தோல் போடு, கயிற்றால் இறுக்கு.'
புட்டு அவிக்கச் சொல்வதுபோலச் சொன்னான்.

முதல் வளையத்தைத் தட்டிக் கழற்றினேன்.
இரண்டாவது தானே விழுந்தது.
மறுகா
பதினெட்டுப் பலகையும் ஒரேயடியாய்ச் சரிந்து
மல்லாந்த ஆமைகள்போல் நிலத்தில் ஆடின.
இலக்கம் போடவில்லை நான்.
நாற்பது வருஷத் தச்சன், இலக்கம் போடவில்லை!
எது எதற்குப் பக்கத்தில் இருந்ததென்று
இனி அவற்றுக்குத்தான் தெரியும்.
யோகதாசன் ஒன்றைத் தூக்கி முகர்ந்துவிட்டு
'இது தலைமாடு அண்ணன்' என்றான்.
எங்களுக்கு வேறு வார்த்தை வராது.

மற்றப் பீப்பாவுக்குச் சோக்கால் இலக்கம் எழுதி
பிரித்து, உள்ளே கருகியதைச் சீவி
கூட்டி நிறுத்தி வளையம் ஏற்றினால்
இடுக்குகளால் எதிர்வீட்டு விளக்குத் தெரிந்தது.
ஆணி அடிக்கக் கை எழும்பியது, அடிக்கவில்லை.
வெறுத்துப்போய் முற்றத்தில் விட்டுவிட்டுப் படுத்தேன்.

கார்த்திகை மழை, இரவு முழுக்க.
விடியப் பார்த்தால்
பலகைகள் ஊதி, தோளோடு தோள் நெருக்கி
நகம் நுழைய இடமில்லை.
என் தொழிலில் மழை எதிரி.
இங்கே எனக்குக் கைப்பாசாக வந்து
கூலி கேட்காமல் போயிருக்கிறது.

ஏறாவூர் சுபைதீனிடம்
ஹஜ்ஜுப் பெருநாள் தோல்கள் உப்பில் கிடந்தன.
'கிடாயா, மறியா?'
ஒஸ்மண்டைக் கேட்டுச் சொன்னேன்:
பேசுகிற பீப்பாவுக்கு மறி, அது மெல்லிசு.
கூடவே நடக்கிறதுக்குக் கிடாய்.
'அப்ப மறிதான்' என்றார், 'எங்கட வீட்டிலயும் அப்படித்தான்.'

மரத்தைச் சேர்த்த அதே மழை
தோலைத் தளர்த்திவிட்டது.
அடித்தால் ஈரச் சாக்கின் சத்தம்.
சிரட்டைத் தணலுக்கு மேலே
பீப்பாவைச் சாய்த்துப் பிடித்து
குளிர்காய்கிற கிழவனைப்போல் திருப்பித் திருப்பி
கட்டைகளை இறுக்கி

பின்னேரம் ஐந்துமணி இருக்கும்.
படுக்கப்போட்டு, அதன்மேல் கால் அகற்றிக் குந்தி
அறைந்தேன்.

சுவரில் சாய்த்திருந்த மூடிகள் அதிர்ந்தன.
வெறும் பெட்டிகள் ஐந்தும்
ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு குரலாய்
முனகின. அந்த மூன்றடிப் பெட்டிகூட.

பூரணவதி அக்கா வேலிக்கு மேலால் தலைநீட்டி
'ஆரு செத்த, றொசைரோ?'
'ஒருத்தருமில்ல.'
நம்பவில்லை. செத்தவீட்டுக்குக் கொண்டுவருவதுபோல
பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து
கதிரை தேடினாள்.
யோகதாசன் இரண்டு மரத்துண்டை எடுத்து
எனக்குப் பின்னால் பக்கப்பலகையில் தட்டத் தொடங்கினான்.
அவள் செருப்பின் முனை ஆடியதைக் கண்டேன்,
காணாததுபோல இருந்தேன்.

உள்ளங்கை சிவந்து தடித்தபோது
கல்லடியிலிருந்து போன் வந்தது.
'ஓம். ஓம். ஐந்தடி ஒன்பது.'
கடதாசி கைக்கு எட்டவில்லை.
குந்தியிருந்தபடியே குனிந்து
பதினோராம் பலகையில், இலக்கத்துக்குப் பக்கத்தில்
சோக்கால் குறித்துக்கொண்டேன்.