மூலைவிட்டம்

உயுனி உப்புவெளியின் தென்கரையில்
எண்பத்தெட்டு டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.
இலை சரியாக இறங்காத தேநீரைக் குடித்துவிட்டு
நியேவெஸ் சோக்கெத்தோப்பா
பதினான்காம் பாத்தியின் மாதிரிப் புட்டிகளை
மேசையில் நிறுத்துகிறாள்.
சன்னலுக்கு வெளியே வெள்ளை.
அதற்கு அப்பால் இன்னும் கொஞ்சம் வெள்ளை.

சுவரில் தனிம அட்டவணை.
யாரோ சிந்திய காப்பியில்
ஹாலஜன்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன.
போகட்டும். அவளுக்கு வேண்டியது இடது ஓரம்:
லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம்,
உடம்புச் சூட்டுக்கே உருகிப்போகும் சீசியம்.

இறங்க இறங்க உடம்பு பெருக்கும்.
கூட்டின் மேல் கூடு, அதன் மேல் கூடு.
கருவின் பிடி
கடைசி எலக்ட்ரானை எட்டுவதற்குள்
மலைக்கு அந்தப்பக்கத்து ரேடியோவாகத் தேய்ந்திருக்கும்.
சீசியத்தைக் கேட்கக்கூட வேண்டாம்,
வெளிச்சம் பட்டாலே கொடுத்துவிடும்.

அவளுடைய அக்காக்களும் அந்த ரகம்.
எர்மினியா கலாமாவுக்குப் பேருந்து ஏறினாள்.
பெனிக்னா புவெனோஸ் ஐரிஸில்
தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.
தங்கள் பங்கு கினுவா வயலை
ஒரு தொலைபேசி அழைப்பில் விட்டுக்கொடுத்தார்கள்.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
ஒரே வரிசை, ஒரே ரத்தம்,
கருவிலிருந்து தூரம்தான் வேறு.

பிளாட்டினக் கம்பியைத் தோய்த்துச் சுடரில் நீட்டுகிறாள்.
மஞ்சள்.
எந்தக் கூட்டத்திலும் சோடியம்தான் முதலில் பேசும்,
மற்றவர்களைப் பேசவும் விடாது.
நீலக் கண்ணாடியைக் கண்ணோடு சேர்த்தால்
அதன் வாய் அடைபடும்,
பொட்டாசியம் ஊதா நிறத்தில்
ஒரு சொல் சொல்லிவிட்டு மறையும்.
கண்ணாடியை எடுத்துவிட்டு மறுபடி பார்க்கிறாள்:
இந்தப் பாத்தியில் மஞ்சள் இளைத்திருக்கிறது,
அதன் ஓரத்தில்
மாதுளை முத்தை நசுக்கிய சிவப்பு.

முதல் பாத்திகளிலேயே சோடியம்
வெயிலுக்குத் தோற்று உப்பாகி உட்கார்ந்துவிடும்.
பின்னால் பொட்டாசியம்.
லித்தியம் மட்டும் கடைசிப் பாத்திவரை வரும்.
எல்லாரிலும் பொடியன்,
ஆனால் தண்ணீரை இறுக்கிக் கட்டிக்கொள்பவன்.
அத்தனை ஈரத்தையும் உடுத்திக்கொண்டு நடப்பதால்
தண்ணீருக்குள் அவன்தான் மெதுவாகப் போகிறான்,
பருத்த சீசியம் முந்திக்கொண்டு ஓட.
பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது
யாரும் நம்பவில்லை.
நியேவெஸ் நம்பினாள்.
இரண்டு கம்பளிச் சால்வையும் ஒரு போர்வையும் போர்த்தி
பனிக்காற்றில் பாத்திக்கரை நடப்பவள் அவள்.

சிக்கல் வேறிடத்தில்.
எண்கள் இன்றும் அதையே சொல்கின்றன:
மக்னீசியம், மக்னீசியம், மக்னீசியம்.
லித்தியத்தின் வரிசையே அல்ல அது;
ஒரு கட்டம் வலப்பக்கம், ஒரு கட்டம் கீழே.
வலமாகப் போனால் அணு சுருங்கும்,
கீழே போனால் விரியும்,
இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட மூலையில்
கிட்டத்தட்ட அதே அளவில் ஓர் அந்நியன்.
கூடப்பிறந்ததைப் பிரிக்க வெயில் போதும்.
இதைப் பிரிக்கச் சுண்ணாம்பு வேண்டும், லாரி லாரியாக.

முகவையில் சுண்ணாம்புப் பாலை ஊற்றுகிறாள்.
மேகம் திரள்கிறது. மக்னீசியம் இறங்குகிறது,
கோபித்துக்கொண்டு படுப்பவரைப் போல, மெல்ல.
அறிக்கையில் எழுதுகிறாள்:
"பதினான்கு. சுண்ணாம்பு கூட்டவும்."

பணி முடியும் மணி.
உடைமாற்றும் அறையில் விளக்கு எரியவில்லை.
தடவிக் காலணியை மாட்டிக்கொண்டு
சாலைவரை வந்த பிறகுதான் தெரிகிறது,
இடது குதிகாலில் அவளுக்குத் தெரியாத ஒரு தேய்மானம்.
பம்ப் ஓட்டும் அன்செல்மோவுடையது.
முப்பத்தெட்டாம் எண்;
ஆண்பிள்ளைக்கு இதென்ன கால் என்று
எல்லாரும் சிரிப்பார்கள்.
ரியோ கிராந்தேயில் அவன் வீடு
அவள் வீட்டுக்கு எதிரே இல்லை, பக்கத்திலும் இல்லை.
ஒன்று தள்ளி, ஒன்று இறங்கி.

திரும்பிப் போய் மாற்றலாம்.
காற்று முகத்தில் உப்பை அறைகிறது.
நடக்கிறாள்,
மெதுவாக,
சரியாகப் பொருந்துகிற காலணியில்.