வில்லங்கச் சான்று

வெஷ்பினா கிராமம். மனை எண் நூற்றுப் பதினான்கு.
வாங்குகிறவர் வார்சாவில் பல் மருத்துவர்.
விற்கிறவர் ரேமிகியுஷ் பூசாக், டப்ளினில் லாரி ஓட்டுகிறார்,
தொலைபேசியில் மட்டும் இருக்கிறார்.
வில்லங்கம் ஏதுமில்லை என்று
நான் ஒரு தாள் தர வேண்டும்.
அவ்வளவுதான் என் வேலை.

மிகப் பழைய ஏடு மாளிகையின் சாமான் கணக்கு:
எருது இரண்டு. இரும்புக் கொழு ஒன்று.
கௌடென்டி பூசாக், மனைவியுடன்.
வாரத்தில் நான்கு நாள் பிரபுவின் வயல்,
இரண்டு நாள் தன் வயிற்றுக்கு,
மிஞ்சிய ஒன்று தேவாலயத்துக்கு.

அடுத்தது ரஷ்ய எழுத்தில்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு.
ஜாரின் ஆணைப்படி பதினைந்து மோர்கா
அதே கௌடென்டிக்கு.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சிலுவைகள்,
மூன்றாவதில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.
அன்றிரவு அவர் தூங்கினாரா என்று
ஏடு சொல்லாது.

ஐந்து மகன்கள்.
மணல் மேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கீற்று,
களிமண்ணில் ஒரு கீற்று,
ஆற்றோரப் புல்லில் ஒரு கீற்று;
யாரும் ஏமாறக் கூடாதல்லவா.
அவர்களின் பிள்ளைகளுக்கும் அதே நியாயம்.
கடைசியில் நிலம் நாடா ஆயிற்று:
நாலு மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம்.
குதிரை திரும்பும்போது
முன்னங்கால்கள் பங்காளியின் கம்புப் பயிரில்.
ஒரு சாண் வரப்பை உழுதுவிட்டான் என்று
ஸ்கொலாஸ்டிகா பூசாக் தம்பிமேல் போட்ட வழக்கு
ஏழு வருடம் நடந்தது.
வக்கீலுக்குக் கொடுக்கப் பசுவை விற்றாள்.
ஜெயித்தாள். அந்தச் சாணில்
பதினொரு உருளைக்கிழங்குச் செடி வைக்கலாம்,
நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நாற்பத்து நான்கில் மாளிகை நிலத்துக்கு
அரசாங்கம் முளைக்குச்சிகளோடு வந்தது.
பொனிஃபாட்ஸி பூசாக்குக்கு ஆறு மோர்கா.
பகலில் குச்சியை அடித்தார், இருட்டியதும் பிடுங்கினார்,
விடிந்ததும் அதே குழியில் திரும்ப நட்டார்,
பிரபு ஒருவேளை வந்துவிட்டால் என்று.
எதிர்வீட்டுக்காரன் கொடுத்த புகாரில் இது இருக்கிறது.
பிரபு வரவில்லை.

ஆனால் நூற்றுப் பதினான்கு வயல் அல்ல.
கிணற்றுக்கு எதிரே, ஊர் நடுவில் ஒரு வீடு.
முப்பத்து எட்டு வரை வரி கட்டியவர்
ஷாயா கிட்டெல்மான், மாவு வியாபாரி.
தவணை தவறவில்லை; ரசீதுகள் நூலில் கோர்த்திருக்கின்றன.
பிறகு ஒன்பது வருடத்துக்கு ஏட்டில் ஒன்றுமில்லை.
நாற்பத்து ஏழில் ஒரு முத்திரை:
"கைவிடப்பட்ட சொத்து."
கீழே பொனிஃபாட்ஸியின் பெயர், அழகான கையெழுத்தில்.

யார் கைவிட்டது, என்றைக்கு,
எந்தச் சாலை வழியாக நடத்திக்கொண்டு போனார்கள்
என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.
நான் பயன்படுத்தும் படிவத்திலும் இல்லை.

அளக்கப் போனேன்.
கருவி இரண்டு சென்டிமீட்டர் துல்லியம்.
வாசல் நிலையின் வலப்பக்கம், தோள் உயரத்தில்,
பச்சைச் சாயத்துக்கு அடியில்
சாய்வாக ஒரு தடம், விரல் நீளம்,
மேலும் கீழும் ஆணித் துளை.
அதற்கு என் வரைபடத்தில் குறியீடு கிடையாது.

"எல்லாம் சரிதானே?" டப்ளினிலிருந்து குரல்,
பின்னால் மழை.
சரி என்றேன்.
வில்லங்கம் இல்லை என்று எழுதினேன்.
முன்னால் "பதிவேட்டின்படி" என்று சேர்த்தேன்,
மேலதிகாரி அடிக்காத ஒரு சொல்.

மருத்துவர் அதைப் படிக்கவில்லை.
பின்கட்டில் நீச்சல் குளம் வெட்டினால்
தண்ணீர் நிற்குமா என்று கேட்டார்.
நிற்கும், களிமண் என்றேன்.
இங்கே எதுவும் லேசில் உள்ளே இறங்காது.