மிச்ச அரை பார்

பம்பில் மூன்று பார்.
அறுபது மீற்றர் ஹோஸ் தாண்டி
முனையில் ஒன்று.
றிஃபாஸின் படகுக்குள் டீசல் நூலாய் இறங்குகிறது.

டோக்கனின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
நீளம், விட்டம், உட்சுவரின் சொரசொரப்பு,
வளைவுக்கு வளைவு கொஞ்சம்.
விட்டம் பாதியானால் இழப்பு முப்பத்திரண்டு மடங்கு.
மலிவென்று வாங்கிய ஒல்லி ஹோஸே,
உன் மேல்தான் முதற் சந்தேகம்.
ஆனாலும் இந்த ஓட்டத்துக்கு
ஒன்றரைக்கு மேல் நீ தின்னமாட்டாய்.
மிச்ச அரை பார் எங்கே?

ஹோஸோடு நடந்தேன். கொட்பே ஜெட்டி, திருமலை வெயில்,
மீன் செதில், கயிறு,
பிறகு ஐஸ் லொறி.
பின்டயர் ஹோஸ்மேல்;
ஸ்டியரிங்மேல் சுகிர்தனின் தலை.

எழுப்பினேன். ஓரடி நகர்த்தினான்.
ஹோஸ் ஒருமுறை சோம்பல் முறித்தது.
"வருது, வருது!" என்றான் றிஃபாஸ்.

வளைவுகளுக்குக் கீழே எழுதிக்கொண்டேன்:
டயர், ஒன்று.