நாற்பத்தொரு புள்ளிகள்

உடம்பு மட்டும்தான் வந்திருந்தது.
வெள்ளை ஃபைபர், இருபத்தெட்டு அடி,
பெயர்கூட எழுதாமல்
காசிமேட்டில் குப்புறக் கிடந்தது.
குழுக் கடனை இன்ஜின் தின்றுவிட்டது.
கையில் மிச்சம் பத்தொன்பதாயிரம்.

தேசிங்கு அலைக்குப் பழகியவன், கடைக்கு இல்லை.
சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு
டீயும் வாங்கிக்கொடுத்துவிட்டு வருவான்.
அதனால் நான் போனேன்.
பத்து வருஷம் மீன் விற்ற வாய் இது.
எதிர்ப்பக்கம் நின்றால் என்ன, அதே பாட்டுதானே.

செம்புதாஸ் தெருவில் கயிறு எடைக்குப் போகும்.
முறுக்கைப் பிரித்து
உள்ளிழையைக் கன்னத்தில் வைத்தேன். குளிர்ந்தது.
"தண்ணிக்கும் சேத்து காசாண்ணே?
அது எங்களாண்ட நெறைய கீது."
பின்னால் மூட்டை தூக்கியவன்தான் முதலில் சிரித்தான்.
கிலோவுக்கு இருபது இறங்கியது.

நங்கூரம் புதுப்பேட்டையில்.
லாரி அச்சு ஒன்று, வளைத்த கம்பி நான்கு,
வெல்டிங் பொறி என் புடவையில் ஒரு ஓட்டை.
ஆயுசு முழுக்க ஓடிய இரும்பு
இனிமேல் நிற்கக் கற்றுக்கொள்ளட்டும்.
ஓட்டைக்கு நூறு கழித்தேன்.

மண்ணடியில் லைஃப் ஜாக்கெட்.
"கப்பல் சரக்கும்மா" என்றான்.
அமுக்கினால் உள்ளே தெர்மாகோல் கறகறத்தது.
"நீ மாட்டிக்கினு வார்ஃபாண்ட குதி.
மெதந்தின்னா மொத்தத்தையும் எடுத்துக்கறேன்."
அவன் ஜாக்கெட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.
பக்கத்துக் கடையில் நாலு வாங்கினேன், முழு விலைக்கு.
அதில் மட்டும் பேரம் பேசவில்லை.
பேச வாய் வரவில்லை.

ஜிபிஎஸ் கடைசி. ரிச்சி தெரு, மாடிப்படிக்குக் கீழே
ஆள் படுத்தால் கால் வெளியே நீளும் கடை.
இர்ஷாத் ஆறாயிரம் என்றான்.
மூலையில் கண்ணாடி கீறியிருந்தது,
பட்டனில் ஒன்று தேய்ந்திருந்தது.
நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், இரண்டு தடவை படியிறங்கினேன்.
மூவாயிரத்து நானூறு.

ராத்திரி தேசிங்கு பேட்டரியில் மாட்டி உயிர் கொடுத்தான்.
"இன்னாடி இது" என்றான்.
துடைக்க மறந்திருக்கிறார்கள்.
உள்ளே நாற்பத்தொரு புள்ளிகள்.
இங்கிலீஷ் எழுத்தில் யாரோ ஒருவனின் தமிழ்:
பெரிய பார். சின்னவன் பார். கப்பல் ஒடஞ்ச எடம்.
வஞ்சிரம் தை மாசம்.
ஒன்று பழவேற்காட்டுக் கரையில், தெருவுக்குள்ளேயே: டீ.
ஒன்று எண்ணூருக்குக் கிழக்கே, தனியாக: போவாத.

பார் இருக்கும் இடத்தை
சொந்தத் தம்பிக்கே சொல்லமாட்டார்கள் இங்கே.
ஒருவன் இருபது வருஷம்
வலை கிழிந்து கிழிந்து கண்டுபிடித்ததை
கீறலுக்கும் தேய்ந்த பட்டனுக்கும் கழித்து
கூடைக்குள் போட்டு எடுத்து வந்திருக்கிறேன்.

முதல் நாள் சின்னவன் பாருக்குப் போனார்கள்.
நாலு பெட்டி. சங்கரா, கொஞ்சம் கொடுவா.
கூவிக் கூவி விற்றேன்.
தொண்டையில் மட்டும் ஏதோ முள் மாதிரி.

அடுத்த வாரம் ரிச்சி தெருவுக்குப் போய்
"அது யாருதுப்பா?" என்று கேட்டேன்.
திருப்பித் தர வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான் இர்ஷாத்.
"அக்கா, எடுத்தது எடுத்ததுதான்,
வேணும்னா இருநூறு கொறச்சுக்க"
என்று நோட்டை நீட்டிவிட்டான்.
யாரோ மூட்டையாகப் போட்டுவிட்டுப் போனானாம்,
சார்ஜரோடு, டார்ச்சோடு, பேர் கேட்கவில்லையாம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
கை அதற்குள் வாங்கி
முந்தானையில் முடிந்துவிட்டது.

அந்த முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை.
தேசிங்கு நாற்பத்திரண்டாவது புள்ளி ஒன்று போட்டிருக்கிறான்,
பேர் வைக்காமல்.
எண்ணூருக்குக் கிழக்கே போகும்போது
இன்ஜினை அணைக்காமல்
சுற்றித்தான் போகிறார்களாம்.